இடம் விட்டு ஓட்டுவோம்

வட்டார வளர்ச்சி அலுவலர், ஆலங்குளம்

திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையே மாட்டு வண்டிகள் சாரிசாரியாகச் சென்ற காலத்தை நம் வட்டாரத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்வதுண்டு. மிளகாய் மூட்டையும் வெங்காய மூட்டையும் ஏற்றிய வண்டிகள் இரவில் புறப்படும். வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். நள்ளிரவு கழிந்ததும் வண்டிக்காரர் மூட்டைமீது சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார். ஆயினும் ஒரு வண்டி மற்றொரு வண்டியின்மீது மோதியது என்ற பேச்சு அபூர்வம். முன்வண்டி நின்றால் பின்வண்டி மாடும் நின்றுவிடும். அதற்குக் கண் உண்டு. தன் உயிர்மீது அச்சமும் உண்டு.

மோட்டார் வாகனத்திற்கு இவ்விரண்டும் இல்லை. மாடு தானே நிற்கும். மோட்டாரை நாம்தான் நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கோ இடம் வேண்டும். அந்த இடத்தை எவ்வாறு முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இன்றைய சாலை

சீதபற்பநல்லூர், மாறாந்தை, ஆலங்குளம், அத்தியூத்து, பாவூர்சத்திரம் என்று நம் ஊர்களைக் கோத்துச் செல்லும் இந்தச் சாலை, பெரும்பகுதி நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டுள்ளது. இது நமக்கு வாய்த்த பெரிய நன்மை. தக்காளியும் கத்தரியும் வெண்டையும் வாடுமுன் சந்தைக்குச் சேர்கின்றன. நோயாளிகள் விரைவில் மருத்துவமனையை அடைகின்றனர். ஆனால் அகன்ற சாலை வேகத்தையும் உடன் அழைத்து வந்திருக்கிறது. செங்கோட்டை வழியே கேரளம் செல்லும் லாரி, குற்றாலத்திற்குச் செல்லும் சுற்றுலா வேன், ஊருக்கு ஊர் நின்று செல்லும் பஸ், காய்கறிக் கூடை கட்டிய மொபெட், டிரெய்லர் இழுக்கும் டிராக்டர் ஆகிய அனைத்தும் ஒரே சாலையில் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. வேகம் வேறுபடும் இடத்தில்தான் பின்னால் வருவது முன்னால் செல்வதன்மீது மோதும் விபத்து மிகுதியும் நேர்கிறது.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது. இங்கு மட்டும் 64,105 விபத்துகளும் 17,884 மரணங்களும் பதிவாயின. மோதும் விதத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தால், நாடு முழுவதும் நேர்ந்த விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை பின்புற மோதல்களே. எதிரெதிரே மோதுவதைக் காட்டிலும் இதுவே அதிகம். ஆனால் பலரும் அஞ்சுவது எதிரே வரும் வாகனத்தைத்தான். தமக்கு முன்னால், தாம் செல்லும் திசையிலேயே செல்லும் வாகனத்தை யாரும் ஆபத்தாகக் கருதுவதில்லை.

நான் கற்ற பாடம்

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் என் பிழையைச் சொல்லிவிடுவது முறையாகும். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் விரிவாக்க அலுவலராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை கிராமக் கூட்டம் ஒன்றிற்கு மோட்டார் சைக்கிளில் சென்றேன். நேரமாகிவிட்டது. எனக்கு முன்னால் பெரியவர் ஒருவர் மொபெட்டின் இருபுறமும் பால்கேன்களைக் கட்டிக்கொண்டு சென்றார். முந்திச் செல்ல வழி கிடைக்காமல் அவருக்கு ஐந்தாறு மீட்டர் பின்னால் ஒட்டியவாறே சென்றேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும். பெரிய வேகம் அன்று.

சந்திலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. பெரியவர் பிரேக் பிடித்தார். நானும் பிடித்தேன், ஆனால் பிடிப்பதற்குள் மோதிவிட்டேன். எனக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு. அவருக்கு முழங்கால் எலும்பு முறிந்தது. பால் முழுவதும் சாலையில் ஓடியது. ஆட்டுக்குட்டி எங்கோ ஓடிப்போய்விட்டது.

"திடீரென்று நிறுத்திவிட்டீர்களே, ஐயா" என்றேன். வலியோடு அவர் சொன்ன மறுமொழி இது: "நீங்க கொஞ்சம் தள்ளி வந்திருக்கலாமே, தம்பி!"

மூன்று மாதம் அவரால் மடக்கி உட்கார்ந்து பால் கறக்க முடியவில்லை. இருந்த இரண்டு பசுக்களில் ஒன்றை விற்கும்படி ஆயிற்று. மருத்துவச் செலவை நான் ஏற்றேன். ஆனால் விற்ற பசுவை மீட்டுக் கொடுக்க என்னால் இயலவில்லை. பின்புற மோதலில் பிழை செய்பவன் ஒருவன், துன்புறுபவன் மற்றொருவன் என்பதை அன்று கண்டேன். முன்னால் செல்பவருக்குத் திடீரென நிற்கும் அவசியம் எந்நேரமும் வரலாம். அதை எதிர்பார்த்து வருவது பின்னால் வருபவரின் கடமை.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

பிரேக் பிடித்தவுடன் வண்டி நின்றுவிடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நிற்பதற்கு இரண்டு தூரங்கள் செலவாகின்றன.

முதலாவது, மனம் உணரும் தூரம். முன்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் கண் காண வேண்டும். ஆபத்து என்று மனம் உணர வேண்டும். கையோ காலோ பிரேக்கை அடைய வேண்டும். விழிப்புடன் இருப்பவருக்கும் இதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். களைப்புற்றவருக்கும் பேச்சில் ஈடுபட்டவருக்கும் இன்னும் கூடும். அந்த விநாடியில் வண்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, பிரேக் பிடித்தபின் வண்டி இழுத்துச் செல்லும் தூரம். வேகம் இரு மடங்கானால் இத்தூரம் நான்கு மடங்காகும். விபத்துகளின் வேரெல்லாம் இக்கணக்கை மறப்பதில் இருக்கிறது.

நல்ல தார்ச்சாலையில், உலர்ந்த நிலையில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்க ஏறத்தாழ 13 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 37 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டரில் 57 மீட்டர் வேண்டும். டயர் தேய்ந்திருந்தாலும், பிரேக் தளர்ந்திருந்தாலும், பாரம் மிகுந்திருந்தாலும் இவை மேலும் நீளும். நான் பெரியவரைத் தொடர்ந்து சென்ற நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குப் பதினொரு மீட்டர் கடந்துவிடும். நான் விட்ட இடைவெளியோ ஆறு மீட்டர். அதாவது, பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே என் இடம் முடிந்துவிட்டது. அன்று பிரேக் எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் பயனில்லை.

இரண்டு எண்ணுங்கள்

ஓடும் வண்டியில் மீட்டரை அளந்து பார்க்க எவராலும் முடியாது. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சாலையோரத்தில் ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ மைல்கல்லையோ குறித்துக்கொள்ளுங்கள். முன் வாகனத்தின் பின்பகுதி அதைக் கடந்ததும், "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று நிதானமாக மனத்தில் எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் சொல்ல ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அக்கம்பத்தைக் கடந்துவிட்டால், மிகவும் ஒட்டிச் செல்கிறீர்கள் என்பது பொருள். வேகத்தைச் சிறிது குறைத்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். இரண்டு விநாடி முறை என்று பல நாடுகளிலும் ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படுவது இதுவே.

கண்ணளவில் சொல்ல வேண்டுமாயின், நம் ஊர் பஸ்ஸின் நீளத்தை அளவுகோலாகக் கொள்ளலாம். அது ஏறத்தாழ 11 மீட்டர். இரண்டு விநாடி இடைவெளி என்பது 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பஸ் நீளம். 60 கிலோமீட்டரில் மூன்று. 80 கிலோமீட்டரில் நான்கு.

இங்கு ஒரு கேள்வி எழலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 37 மீட்டர் வேண்டும் என்றோம். இரண்டு விநாடி இடைவெளியோ 33 மீட்டர்தானே? முன் வாகனமும் பிரேக் பிடித்தபின் சிறிது தூரம் ஓடியே நிற்கும். அத்தூரம் நமக்கும் துணையாகிறது. ஆனால் அது நின்றிருந்த லாரியின்மீது மோதி அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் அத்துணை கிடைக்காது. ஆகவே இரண்டு விநாடி என்பது குறைந்தபட்ச அளவே. மூன்று எண்ணிச் செல்வது மேலும் நன்று.

"இடம் விட்டால் நடுவில் வேறொருவர் நுழைந்துவிடுகிறாரே!" என்று ஓட்டுநர்கள் குறைப்படுவர். உண்மைதான். நுழைந்தவரை நுழையவிட்டு, மீண்டும் இரண்டு எண்ணும் அளவுக்குப் பின்தங்குங்கள். ஆலங்குளத்திலிருந்து தென்காசி செல்வதற்குள் பத்துப் பேர் இவ்வாறு நுழைந்தாலும் நமக்கு நேரும் தாமதம் இருபது விநாடியே. ஒரு தேநீர் ஆறும் நேரத்தைவிட அது குறைவு.

சாரல், காற்று, பாரம், இரவு

ஒவ்வொரு சாலைக்கும் தனி இயல்புகள் உண்டு. நம் சாலையின் இயல்புகளை அறிந்து இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சீசன் களைகட்டும்போது, திருநெல்வேலியில் வெயில் காயும். பாவூர்சத்திரத்தைக் கடந்ததும் சாரல் அடிக்கும். காய்ந்த சாலையில் பழகிய அதே வேகத்தோடு ஈரச்சாலைக்குள் நுழைகிறோம். அதிலும் முதல் சாரல் மிகக் கொடியது. பெருமழை சாலையைக் கழுவிவிடும். சிறு தூறலோ சாலையில் படிந்த எண்ணெயையும் புழுதியையும் குழைத்து வழுக்கலாக்கிவிடும். ஈரச்சாலையில் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறத்தாழ இரு மடங்காகலாம். ஆகவே மழையில் இரண்டன்று, நான்கு எண்ணுக.

அதே மாதங்களில் கணவாய் வழியே வீசும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுவதோடு இருசக்கர வாகனங்களையும் அலைக்கழிக்கும். லாரியின் மறைவில் செல்லும்போது காற்றுத் தெரியாது. மறைவு நீங்கியதும் பக்கவாட்டில் தள்ளும். காற்றுக்கு அஞ்சி லாரியை ஒட்டிச் செல்வோர் பலர். இது கேடான பழக்கம். முன்னே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. லாரி ஓட்டுநருக்கும் நாம் தெரியமாட்டோம். அவருடைய பக்கக் கண்ணாடி நமக்குத் தெரியும் அளவு தள்ளிச் செல்க. முடிந்தவரை முன் வாகனத்திற்கும் அப்பால், இரண்டு மூன்று வாகனங்களுக்கு முன்னே பார்வையைச் செலுத்துக.

பாரம் ஏற்றிய லாரி காரைப்போல் விரைந்து நிற்காது. காற்று பிரேக் பிடிப்பு முழுமை பெறவும் சிறிது நேரம் வேண்டும். ஆதலால் லாரி ஓட்டுநர் தமக்கு முன்னால் விட்டிருக்கும் இடம் வீண் இடம் அன்று. அதுவே அவருடைய பிரேக். அதில் குறுக்கே புகுந்து வேகத்தைக் குறைப்பவர், தம் முதுகுக்குப் பின்னால் மரணத்தை அழைத்துக்கொள்கிறார்.

இருசக்கர வாகனம் ஓட்டும் நம் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் மிதிப்போர் பலர். விரைந்து நிறுத்தும் ஆற்றல் முன் பிரேக்கிலேயே அதிகம் இருக்கிறது. நேராகச் செல்லும்போது இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பிடிக்கப் பழகுக. மணல் சிதறிய இடத்திலும் திருப்பத்திலும் முன் பிரேக்கைச் சடுதியில் பிடித்தலாகாது.

இரவிலோ கண்ணே நமக்குப் பாதி. இருசக்கர வாகனங்கள் பலவற்றின் தாழ்ந்த விளக்கு முப்பது, நாற்பது மீட்டருக்கு அப்பால் தெளிவாகக் காட்டுவதில்லை. அவ்வெளிச்சத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் ஓட்டுவது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். கைபேசியைப் பார்ப்பதும் அவ்வாறே. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கைபேசியைப் பார்த்தால், ஐம்பது மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்துவிடுகிறோம்.

முன்னே செல்வோர் கடமை

பின்னால் வருபவருக்கே எல்லாக் கடமையும் என்று கருதிவிடலாகாது. முன்னால் செல்பவர் தம் எண்ணத்தைப் பின்னால் வருபவருக்கு அறிவிக்க வேண்டும். திரும்புமுன்னும் நிறுத்துமுன்னும் கண்ணாடியில் பின்புறம் நோக்குக, சைகை காட்டுக, பின்னரே வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துச் சாலையை விட்டு இறங்கி நிறுத்துக. கைகாட்டும் பயணியைக் கண்டதும் நடுச்சாலையிலேயே நின்றுவிடும் ஆட்டோக்காரர்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். பிரேக் விளக்கு எரியாத வாகனம் ஊமையைப் போன்றது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு முதல் புதுக் கார்களில் பின்கண்ணாடி உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு ஒன்றைக் கட்டாயமாக்கினர். பின்புற மோதலைக் குறைப்பதே அதன் நோக்கம். நாம் நம் வண்டியில் உள்ள விளக்காவது எரிகிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாமன்றோ?

இருதரப்புக் கடமையையும் விளக்கும் வழக்கு ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. 2017 ஜனவரி 7ஆம் நாள் கோயம்புத்தூரில் நெடுஞ்சாலை ஒன்றில் கார் ஒன்று திடீரென நின்றது. உடன் வந்த கருவுற்ற மனைவிக்குக் குமட்டல் ஏற்பட்டதாக அதை ஓட்டியவர் காரணம் கூறினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொறியியல் மாணவர் அதன்மீது மோதிச் சாலையில் விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த பஸ் அவர்மீது ஏறியது. அவர் இடது காலை இழந்தார்.

இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. நெடுஞ்சாலையில் சைகையின்றித் திடீரென நிறுத்துவது கவனக்குறைவே என்று கூறி, காரை ஓட்டியவர்மீது 50 சதவீதப் பொறுப்பையும், பஸ் ஓட்டுநர்மீது 30 சதவீதத்தையும் சுமத்தியது. போதிய இடைவெளி விடாமலும் உரிமம் இல்லாமலும் ஓட்டியதற்காக மாணவர்மீதும் 20 சதவீதப் பொறுப்பைச் சுமத்தி, இழப்பீட்டில் அப்பங்கைக் கழித்தது. மூவரில் ஒருவர் தம் கடமையைச் செய்திருந்தாலும் அவ்விளைஞரின் கால் பிழைத்திருக்கக் கூடும். முன் வாகனம் திடீரென நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விடவேண்டும் என்று நம் நாட்டுச் சாலை விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. சட்டம் அறியாமை ஒரு சாக்காகாது.

ஒருவர் உங்களை ஒட்டி வந்தால்

நாம் இடம் விட்டுச் செல்லும்போதும் பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டு ஒட்டி வரலாம். அப்போது சினங்கொள்ள வேண்டாம். பயமுறுத்தும் எண்ணத்தில் பிரேக்கைத் தட்டவும் வேண்டாம். வேகத்தைக் கூட்டவும் வேண்டாம். நமக்கு முன்னுள்ள இடைவெளியை இன்னும் பெரிதாக்கிக்கொள்வதே தக்க வழி. அப்போது ஏதேனும் குறுக்கிட்டால் நாம் மெல்ல நிற்கலாம். அவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும். வாய்ப்புக் கிட்டியதும் இடப்புறம் ஒதுங்கி அவருக்கு வழி விடுக. வழி விடுவதால் மானம் போவதில்லை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இது ஓட்டுநர்களின் பொறுப்பு மட்டும் அன்று. நம் கிராமங்களின் பொறுப்பும் இதில் உண்டு.

முதலாவது, தானியம் உலர்த்துதல். உளுந்தும் எள்ளும் கம்பும் சாலையில் பரப்பப்படும்போது, முன்னால் வரும் வாகனம் அதைக் கண்டு சடுதியில் வேகம் குறைக்கிறது. பின்னால் வருவது மோதுகிறது. தானியத்தைச் சுற்றி வைத்த கற்கள் இரவில் அங்கேயே கிடந்துவிடுவதும் உண்டு. உலர்களம் உள்ள ஊர்கள் அதைச் செப்பனிட்டுப் பயன்படுத்த வேண்டும். இல்லாத ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றியத்திற்கு அனுப்ப வேண்டும். களம் கேட்பது தானியத்தைக் காக்க மட்டும் அன்று, உயிரைக் காக்கவும் ஆகும்.

இரண்டாவது, பின்புற ஒளிவில்லைகள். டிராக்டர் டிரெய்லர், மாட்டு வண்டி, சைக்கிள், காய்கறித் தள்ளுவண்டி ஆகியவற்றின் பின்புறம் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அன்று வண்டியின் அடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கு செய்த வேலையை இன்று இந்தப் பட்டை செய்கிறது. ஊர்தோறும் இளைஞர்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஒரு நாள் முன்வந்தால், ஒரே நாளில் ஊரிலுள்ள வண்டிகள் அனைத்திற்கும் ஒட்டிவிடலாம்.

மூன்றாவது, சாலையைக் கவனித்தல். வேகத்தடையின் வெள்ளை வண்ணம் மங்கியிருந்தால், திருப்பத்தில் சீமைக்கருவேலம் கண்ணை மறைத்தால், பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரியாவிட்டால், அவ்விடங்களைக் குறித்து உரிய துறைக்கு எழுதுக. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் சாலைப் பாதுகாப்பையும் ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசலாம்.

அனைத்தையும் மீறி விபத்து நேர்ந்துவிட்டால் வேடிக்கை பார்த்து நிற்க வேண்டாம். பின்னால் வரும் வாகனங்களுக்குச் சைகை காட்ட ஒருவரை நிறுத்திவிட்டு, 108க்கு அழையுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க, 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது.

முடிவுரை

தக்காளி நாற்று நடும் நம் விவசாயிக்கு இடைவெளியின் அருமையை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. நெருக்கி நட்டால் ஒரு செடியின் நோய் அடுத்த செடிக்குப் பரவும். இடம் விட்டு நட்டால் ஒவ்வொன்றும் காய்க்கும். வயலில் அறிந்த இவ்வுண்மையைச் சாலையில் மறப்பானேன்?

இம்முறையைப் பயில ஒரு பைசாவும் செலவில்லை. இக்கட்டுரையைப் படித்தவர்கள் நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது ஒரு கம்பத்தைக் குறித்து இரண்டு எண்ணிப் பார்க்கட்டும். தம் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கட்டும். நான் அன்று அவ்வாறு எண்ணியிருந்தால், அந்தப் பெரியவரின் தொழுவத்தில் இரண்டு பசுக்களும் நின்றிருக்கும்.